ஸ்விட்சை மாற்றினோம், கேமராக்கள் நின்றுவிட்டன

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பழைய 24 போர்ட் நெட்வொர்க் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, அதே எண்ணிக்கையில் போர்ட்டுகள் உள்ள புதிய ஸ்விட்சைப் பொருத்தினோம். கேபிள்களைப் பழைய வரிசைப்படியே செருகினோம். கணினிகளில் இணையம் வருகிறது. கேமராக்களும் மேசைத் தொலைபேசிகளும் இயங்கவில்லை. புதிய ஸ்விட்ச் பழுதானதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. முதலில் கேமராவிலும் தொலைபேசியிலும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையென்றால் அவற்றுக்கு மின்சாரமே போகவில்லை. நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் பி.ஓ.இ. வசதி பழைய ஸ்விட்சில் இருந்து, புதியதில் இல்லாமல் போயிருக்கலாம். வசதி இருந்தாலும் மொத்த மின்திறனைக் கவனிக்க வேண்டும். 802.3ஏ.எஃப். என்ற பி.ஓ.இ. தரப்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரலாம். 24 போர்ட்டுகளும் முழுமையாகத் தர ஏறக்குறைய 370 வாட் தேவை. 190 வாட் மட்டுமே தரும் ஸ்விட்ச் அதில் பாதியைத்தான் தாங்கும். வாங்கும்போது போர்ட் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

விளக்கு எரிந்தும் இணைப்பு இல்லையென்றால், காரணம் பெரும்பாலும் வீலேன் அமைப்பாக, அதாவது ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் அமைப்பாக இருக்கும். பழைய ஸ்விட்சில் யாரோ கேமராக்களையும் தொலைபேசிகளையும் தனித்தனி வீலேன்களில் பிரித்து வைத்திருப்பார். அந்தப் பிரிவு கேபிளில் இல்லை, கழற்றிய பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்த புதிய ஸ்விட்ச் எல்லாப் போர்ட்டுகளையும் வழக்கமாக வீலேன் 1-இல் வைத்திருக்கும். ரூட்டரிலிருந்து எந்த வீலேனுக்கு உரியது என்ற குறியீடு இல்லாமல் வரும் தரவு கணினிகளுக்கு உரியதாக இருந்தால், அவை மட்டும் தப்பித்துக்கொள்ளும்.

ஆகவே பழைய ஸ்விட்சை இன்னும் தூக்கிப்போடாதீர்கள். நெட்வொர்க் கேபிள் எதையும் செருகாமல் அதற்கு மின்சாரம் மட்டும் கொடுத்து, கணினியை நேரடியாக இணைத்து அமைப்பைப் பார்க்க உதவும் கான்சோல் போர்ட் வழியாக நுழைந்து, எந்தப் போர்ட் எந்த வீலேனில் இருக்கிறது, ரூட்டருக்குச் செல்லும் போர்ட்டில் எந்தெந்த வீலேன்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன என்பதைக் குறித்துக்கொண்டு, அதே அமைப்பைப் புதியதில் உருவாக்குங்கள். தயாரிப்பு நிறுவனம் வேறானால் கட்டளைகளை அப்படியே ஒட்ட முடியாது. முடித்ததும் சேமிக்க மறக்காதீர்கள். பல ஸ்விட்சுகளில் சேமிக்காத அமைப்பு அடுத்த மின்தடையோடு போய்விடும்.

கேள்வி: அந்தப் பழைய ஸ்விட்சை வேறொரு தளத்தில் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் அதன் அமைப்பை முழுவதும் அழித்த பிறகே இணைக்க வேண்டும். அழிக்காவிட்டால் பழைய ஐ.பி. முகவரி புதிய ஸ்விட்சின் முகவரியோடு மோதக்கூடும். சிஸ்கோ ஸ்விட்சாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. வீலேன் பட்டியலை ஸ்விட்சுகளுக்கிடையே பரப்பும் சிஸ்கோ நெறிமுறையான வி.டி.பி.-யின் பதிப்பு 1 அல்லது 2 இயங்கும் நெட்வொர்க்கில், அதே வி.டி.பி. டொமைன் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு, திருத்த எண் (பட்டியல் மாறும்போதெல்லாம் கூடும் எண்) அதிகமாக உள்ள ஒரு ஸ்விட்ச் இணைந்தால், அதன் வீலேன் பட்டியல் மற்ற ஸ்விட்சுகளின் பட்டியலை அழித்து எழுதிவிடும். அந்தப் பட்டியல் பல மாடல்களில் தனிக் கோப்பாக இருப்பதால், தொடக்க அமைப்பை மட்டும் அழித்தால் போதாது. அந்தக் கோப்பையும் நீக்க வேண்டும்.