ஒயரை வெட்டிவிட்டு சென்சாரைக் குறை சொல்லாதீர்கள்

கே: என் பழைய பெட்ரோல் காரில் சத்தம் நன்றாக இருக்கட்டும் என்று எக்ஸாஸ்டை மாற்றினேன். ஆக்ஸிஜன் சென்சார் (எக்ஸாஸ்ட் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்ப்பது) கீழே தள்ளிப் போய்விட்டதால் நாலு ஒயரையும் வெட்டி, நீட்டி, முறுக்கி டேப் சுற்றினேன். செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0135 என்ற கோளாறு எண் வருகிறது. வேறு கம்பெனி சென்சார் வாங்கிப் போட்டும் போகவில்லை. கம்பெனிமேல் புகார் கொடுக்கலாமா? (கோவை வாசகர்)

ப: எதற்குப் புகார்? பி0135 என்றால் முன்பக்க சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் சர்க்யூட்டில் கோளாறு, அவ்வளவுதான். சென்சார் செத்துவிட்டது என்று அது சொல்லவே இல்லை. நீங்களாக அப்படி முடிவு செய்து ஒரு சென்சாருக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

முதலில் பியூஸைப் பாருங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் எக்ஸாஸ்ட் சூட்டில் இளகிக் கழன்றுவிடும், ஒயர் பைப்பில் பட்டதும் பியூஸ் போகும். பியூஸ் நன்றாக இருந்தால் வண்டி ஆறிய பிறகு கப்ளரை (சென்சார் ஒயரும் வண்டி ஒயரும் சேரும் பிளக்) கழற்றி, சென்சார் பக்கம் ஹீட்டர் ஒயர் இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்து ஓம் பாருங்கள் (ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும்தான் பெரும்பாலும் ஹீட்டர்). சில ஓமிலிருந்து இருபதுக்குள் ஏதாவது காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. அப்புறம் என்ஜினை ஓடவிட்டு, வண்டிப் பக்கத்துக் கப்ளரில் பேட்டரி அளவு வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் கோளாறு உங்கள் ஜாயிண்டில்தான், இல்லை அதற்கும் முன்னால்.

வேறு கம்பெனி என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். போஷ் சென்சாரில் வழக்கமாக வெள்ளை இரண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்சோவில் கறுப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். வெள்ளைக்கு வெள்ளை, கறுப்புக்குக் கறுப்பு என்று சேர்த்திருந்தால் எந்த சென்சார் போட்டாலும் இதே கதைதான்.

ஈயம் வைத்துப் பற்றவும் வேண்டாம். இந்த வகை சென்சாருக்கு எக்ஸாஸ்ட் புகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்று வேண்டும், பல சென்சார்களில் அது ஒயருக்குள் இருக்கும் இழைகளின் இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகிறது. ஈயம் அதை அடைத்துவிடும். கப்ளருக்குள் கிரீஸ், ஸ்பிரே எதுவும் அடிக்காதீர்கள். கிரிம்ப் செய்து (உலோகக் குழாயில் ஒயரை வைத்து நெருக்கி) ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) போடுங்கள், இல்லையென்றால் இரண்டு பக்கமும் கப்ளரோடு வரும் நீட்டிப்பு ஒயரை வாங்குங்கள், வெட்டவே தேவையில்லை. எல்லாம் சரியானால் சூடான வண்டியில் சிக்னல் 0.1 வோல்ட்டுக்கும் 0.9க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பல வண்டிகளில் 0.45க்குப் பக்கத்தில் அசையாமல் நின்றால் சிக்னல் ஒயர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

எக்ஸாஸ்ட் சத்தத்தைப் பற்றி நான் பேசவில்லை. போலீஸ்காரர் பேசுவார்.

கே: எக்ஸாஸ்டில் பின்னால் இருக்கும் இரண்டாவது ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு ரெசிஸ்டர் வைத்தால் விளக்கு அணைந்துவிடும் என்கிறார் மெக்கானிக். (மதுரை)

ப: ரெசிஸ்டர் ஹீட்டருக்கான கோளாறு எண்ணை மட்டும்தான் வராமல் ஏமாற்றும். வேண்டாம்.

கே: ஒரிஜினல் என்று சொல்லி 3,200 ரூபாய்க்கு சென்சார் கொடுத்தார்கள். பெட்டி அசலைப் போலவே இருந்தது, சென்சார்மேல் இருந்த எண் விரலால் தேய்த்ததும் அழிந்துவிட்டது. எலக்ட்ரிக்கல் சாமான் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். பில் வாங்கவில்லை, ஜிபே செய்த ரசீது இருக்கிறது. (சேலம்)

ப: உங்கள்மேல் தப்பு இல்லை, பெட்டியைப் பார்த்து ஏமாறாதவர் யாரும் கிடையாது. பில் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இது என் வயிற்றெரிச்சல். உதிரிபாகக் கடையில் விலை கேட்டால் "பில்லோடயா, பில் இல்லாமலா?" என்று கேட்கிறார்கள், ஏதோ இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்று கேட்பது மாதிரி. நாமும் நாலு காசு மிச்சம் என்று இல்லாமல் வாங்கிக்கொள்கிறோம். அந்த மிச்சத்துக்குள் வாரண்டியும் போகிறது, அசல் என்று சொன்னதற்கான சாட்சியும் போகிறது, நாளைக்கு அதே கடைக்காரர் உங்களைப் பார்த்ததே இல்லை என்பார். கேட்டும் பில் தராத கடையில் நான் டூல் கூட வாங்குவதில்லை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே நியாயமற்ற வணிக முறை. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான், பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். எனவே இன்றைக்கே கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், வாட்ஸ்அப்பும் போதும். ஜிபே ரசீது, பெட்டி, எண் அழிந்த சென்சாரின் படம் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதியுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஒரே ஒரு கெஞ்சல்: அந்த சென்சாரின் ஒயரை வெட்டிவிடாதீர்கள்.

கே: 400 ரூபாய் ப்ளூடூத் ஸ்கேனர் போதுமா? (திருச்சி)

ப: அதே விலையில் நான் வாங்கியது டிராயரில் கிடக்கிறது. கோளாறு எண்ணைப் படிக்கும், லைவ் டேட்டா கேட்டதும் போனோடு தொடர்பை அறுத்துக்கொள்ளும். சென்சார் வோல்ட்டை ஓடும்போதே காட்டுமா என்று கேட்டு, திருப்பித் தரலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கே: ஐந்து ஒயர் சென்சார் மலிவாகக் கிடைத்தது, என் நாலு ஒயர் கப்ளரில் ஒன்றை விட்டுவிட்டு மாட்டலாமா? (கரூர்)

ப: அது வேறு ஜாதி சென்சார், வேறு முறையில் வேலை செய்வது. திருப்பிக் கொடுங்கள். பில் இருக்கிறதல்லவா?