வேலியும் வேலையும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். விருதுநகர் பக்கம் பிறந்தவன் நான். 2009இல் எச்1பி என்னும் வேலை விசாவில் அமெரிக்கா வந்து, இப்போது டெக்சாஸில் டல்லாஸை ஒட்டிய ஊரொன்றில் குடும்பத்துடன் வசிக்கிறேன். 2014இல், நிரந்தரமாகத் தங்கும் உரிமை தரும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தேன். இன்னும் வரிசையில்தான் நிற்கிறேன். கைக்குழந்தையாக இங்கே வந்த என் மகள் கல்லூரிக்குப் போகும் வயதை எட்டிவிட்டாள். கார்டு வருவதற்குள் அவளுக்கு 21 வயதாகிவிட்டால் என் விண்ணப்பத்திலிருந்து அவள் பெயர் விழுந்துவிடக்கூடும்.

2025 பிப்ரவரியில், அமெரிக்காவில் ஆவணமின்றி இருந்த 104 இந்தியர்களைக் கைவிலங்கும் கால்விலங்கும் பூட்டி ராணுவ விமானத்தில் கொண்டுவந்து அமிர்தசரஸில் இறக்கியதைப் பற்றி மிகுந்த வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். விலங்கு பூட்டியது தவறு என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் சட்டப்படி வந்து, வரி கட்டி, வரிசையில் நிற்கும் என்னைப் போன்றவர்கள், வேலி தாண்டி வந்தவர்களுக்காக ஏன் இரங்க வேண்டும்? தன் எல்லையைக் காக்க வேண்டும் என்று ஒரு நாடு சொன்னால் அதில் என்ன பிழை?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்த அமெரிக்கர் ஒருவர் இருந்தார். அவருடைய பிரிவை மூடி, வேலையைச் சென்னைக்கு மாற்றினார்கள். எட்டு வாரம் காணொளி அழைப்பில் சென்னைப் பையன்களுக்குத் தன் வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் அவர் வெளியேறினார். அதை ஒருங்கிணைத்தவன் நான். கடைசி நாளில் எனக்குக் கைகொடுத்தார், ஒன்றும் பேசவில்லை. அவர் எண் என்னிடம் இருக்கிறது. அழைக்கத் தயக்கமாக இருக்கிறது. அவரிடம் நான் என்ன சொல்வது?

க., டெக்சாஸ்

அன்புள்ள க.,

இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று வேலி தாண்டி வந்தவரைப் பற்றியது, மற்றொன்று கடல் தாண்டிப் போன வேலையைப் பற்றியது. அமெரிக்க அரசியல் மேடைகளிலும் இவ்விரண்டும் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன, ஆனால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் முடிச்சு மட்டும் பேசப்படுவதில்லை. அந்த முடிச்சைப் பற்றித்தான் நான் உங்களுக்கு எழுத விரும்புகிறேன்.

எல்லையைக் காப்பது ஒரு நாட்டின் உரிமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2023 டிசம்பரில் உங்கள் மாநிலத்திலேயே ஈகிள் பாஸ் என்ற ஊரில், ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கரையேறினார்கள். அந்த ஊரின் மக்கள்தொகையே முப்பதாயிரத்துக்கும் குறைவு. அந்த ஊர்க்காரர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் மெக்சிகோ வம்சாவளியினர். ஊரின் தீயணைப்பு வீரர்கள் ஆற்றிலிருந்து உடல்களை எடுத்து எடுத்துச் சோர்ந்துபோன காலம் அது. அந்த மக்கள் கோபப்பட்டார்கள் என்றால் அதை இனவெறி என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது அநியாயம்.

ஆனால் 'வரிசை' என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். வேலையின் அடிப்படையில் அமெரிக்கா ஓராண்டில் வழங்கும் கிரீன் கார்டுகள் ஏறத்தாழ 1,40,000. மனைவி மக்களும் அந்தக் கணக்கிலேயே அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது பொது விதி. உங்கள் காத்திருப்புக்குக் காரணம் அந்த விதிதான். இதே சட்டம், படிப்போ நெடுநாள் பயிற்சியோ தேவைப்படாத வேலைகளைச் செய்பவர்களுக்கு உலகம் முழுமைக்குமாகச் சேர்த்து ஒதுக்கியிருப்பது ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 கார்டுகள். அதே நாட்டில் பயிர்ப் பண்ணைகளில் கூலி வேலை செய்பவர்களில் பத்துக்கு நான்கு பேர் ஆவணமற்றவர்கள் என்று அமெரிக்க அரசின் கணக்கெடுப்பே சொல்லிவருகிறது. பருவகால வேலைக்கு எச்2ஏ என்ற விசா உண்டு. அறுவடை முடிந்ததும் திரும்பிவிட வேண்டும், எத்தனை ஆண்டுகள் வந்து உழைத்தாலும் அது குடியுரிமைக்கு வழி திறப்பதில்லை. உங்கள் வரிசை கொடுமையான அளவுக்கு நீளமானது, க. கலிபோர்னியாவில் ஸ்ட்ராபெர்ரி பறிப்பவருக்கோ நிற்பதற்கு வரிசையே இல்லை எனலாம்.

அவர் எப்படி அங்கே வந்தார் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டபோது, 1942இல் அமெரிக்காவே மெக்சிகோவுடன் ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை வரவழைத்தது. பிராசேரோ என்று பெயர் பெற்ற அந்தத் திட்டம் 1964 வரை நீடித்தது. நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. தொழிலாளி ஒரு பண்ணையோடு கட்டப்பட்டவர், கூலி போதவில்லை என்று அடுத்த பண்ணைக்குப் போக முடியாது. தொடக்க ஆண்டுகளில் கூலியில் பத்தில் ஒரு பங்கைச் சேமிப்பு என்று பிடித்து வைத்தார்கள். பலருக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை. வேலைநிறுத்தங்களை முறியடிக்க இவர்கள் பயன்படுத்தப்பட்டதால், பண்ணைத் தொழிலாளர் தலைவரான சீசர் சாவேஸ் இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். மெக்சிகோ வழி வந்தவரான அவருடைய சங்கம்தான் 1970களில் ஆவணமின்றி வந்து வேலைநிறுத்தத்தை உடைத்தவர்களைக் குடியேற்ற அதிகாரிகளிடம் காட்டிக்கொடுக்கவும் செய்தது. வெளியாள் வந்தால் கூலி குறையும் என்ற அச்சம் வலதுசாரிகள் உருவாக்கியது என்று நினைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

திட்டம் முடிந்த பிறகு நடந்ததுதான் நம் முடிச்சு. 1965இல் வந்த குடியேற்றச் சட்டம், அமெரிக்கக் கண்டத்து நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு முதன்முறையாக எண்ணிக்கை வரம்பு விதித்தது. ஆண்டாண்டாக வந்து போய்க்கொண்டிருந்தவர்கள், அதே வயலுக்கு அதே வேலைக்கு வந்தபோது, சட்டவிரோதமானவர்கள் ஆனார்கள். அதே 1965இல், வேலையிழந்து திரும்பியவர்களுக்காக மெக்சிகோ எல்லையோரத் தொழில் திட்டத்தைத் தொடங்கியது. மூலப்பொருளைத் தீர்வையின்றிக் கொண்டுவந்து, மலிவுக் கூலியில் பொருத்தி, அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பும் மக்கிலடோரா ஆலைகள் சியுதாத் ஹுவாரெஸிலும் டிஹுவானாவிலும் எழுந்தன. தொழிலாளி வேலையைத் தேடி வர முடியாதபோது, வேலை தொழிலாளியைத் தேடிப் போயிற்று. அமெரிக்காவில் மூடப்பட்ட ஆலைகளின் கதை அங்கேதான் வேர் பிடிக்கிறது.

1992 அதிபர் தேர்தலில் சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ, மெக்சிகோவுடன் தடையற்ற வணிகம் வந்தால் வேலைகள் தெற்கே உறிஞ்சப்படும் ஓசை கேட்கும் என்று எச்சரித்தார். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையிலான நாஃப்டா வணிக ஒப்பந்தம் 1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சான் டியேகோ எல்லையில் காவலை இறுக்கும் 'ஆப்பரேஷன் கேட்கீப்பர்' தொடங்கியது. சரக்குக்குக் கதவு திறந்த ஆண்டிலேயே மனிதருக்குக் கதவு சாத்தப்பட்டது. அமெரிக்க மானியத்தில் விளைந்த மக்காச்சோளம் மெக்சிகோவின் சந்தைகளில் இறங்க, சிறு உழவர்கள் பலர் நிலத்தை விட்டு வடக்கே நடந்தார்கள். எல்லை நகரங்களுக்கருகே வேலி இருந்ததால் அரிசோனாவின் பாலைவனத்தின் வழியாக நடந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அங்கேயே மாண்டார்கள். சமூகவியலாளர் டக்ளஸ் மாஸ்ஸி நெடுங்காலம் ஆய்ந்து சொல்லிவருவது இது: முன்பு அறுவடை முடிந்து வீடு திரும்பியவர்கள், மறுபடி கடப்பது உயிருக்கும் பணத்துக்கும் ஆபத்தாகிவிட்டதால், திரும்பாமல் அங்கேயே தங்கிக் குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டார்கள். உள்ளே வருவதைத் தடுக்கக் கட்டிய வேலி, வந்தவர் வெளியே போவதையும் தடுத்துவிட்டது.

பத்து ஆண்டுகளுக்கு முன் சான் டியேகோவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது அந்த வேலியின் கடைசி முனையைப் பார்த்தேன். துருப்பிடித்த இரும்புக் கம்பங்கள் மணலில் இறங்கி, அலைக்குள் போய், பசிபிக் கடலில் மறைகின்றன. நட்புப் பூங்கா என்று பெயர். வார இறுதியில் சில மணி நேரம் மட்டும் இரு பக்கத்துக் குடும்பங்களும் அங்கே சந்திக்க விட்டார்கள். கம்பங்களுக்கு இடையே அடர்த்தியான கம்பிவலை. அதில் விரல் நுனிக்கு மேல் நுழையாது. இந்தப் பக்கம் நடுவயதுப் பெண் ஒருத்தி, அந்தப் பக்கம் வெள்ளைத் தலையோடு ஓர் அம்மாள். இருவரும் சுண்டுவிரல் நுனிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வெகுநேரம் சமையலைப் பற்றியோ வேறு எதைப் பற்றியோ சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. எல்லைக் காவலர் நேரம் முடிந்தது என்று சொன்ன பிறகும் விரல்களை எடுக்கவில்லை.

இவ்வளவு வேலி கட்டிய நாடு, வேலை கொடுப்பவரை என்ன செய்தது? 1952ஆம் ஆண்டுச் சட்டம், ஆவணமற்றவருக்கு இடம் கொடுப்பது குற்றம் என்று சொல்லிவிட்டு, வேலை கொடுப்பது அதில் சேராது என்று விலக்கும் அளித்தது. டெக்சாஸ் பண்ணையார்களுக்காக வைக்கப்பட்ட விலக்கு என்பதால் அதற்கு டெக்சாஸின் பெயரே ஒட்டிக்கொண்டது. 1986இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் சுமார் 27 இலட்சம் பேருக்குச் சட்டபூர்வ நிலை தந்தது. ஆவணமற்றவரைத் தெரிந்தே வேலைக்கு வைப்பதையும் முதன்முறையாகக் குற்றமாக்கியது. 'தெரிந்தே' என்ற அந்த ஒரு சொல்லில் சட்டம் ஓட்டையாகிப்போனது. காட்டிய அட்டை பார்வைக்கு உண்மையானதாகத் தெரிந்தால் முதலாளிக்கு அது போதும். டெக்சாஸின் கறுப்பினத் தலைவர் பார்பரா ஜோர்டன் தலைமையிலான ஆணையம் 1990களில், பணியிடச் சரிபார்ப்பை உறுதியாக்காமல் எல்லையை மட்டும் காத்துப் பயனில்லை என்று தெளிவாகவே சொன்னது. இன்றும் நாடு முழுமைக்கும் அது கட்டாயமாகவில்லை.

2019 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்துக் கோழி இறைச்சி ஆலைகளில் சோதனை நடந்தபோது, ஒரே நாளில் 680 தொழிலாளர்களைப் பிடித்தார்கள். அது அங்கே பள்ளி திறந்த முதல் நாள். மாலையில் வீடு திரும்பிய குழந்தைகள் பூட்டிய கதவின் முன் நின்றார்கள். ஆலைகளின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த நால்வர் மீது ஓராண்டு கழித்து வழக்குத் தொடுத்தார்கள். 680 பேரையும் நால்வரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கோழி வெட்டுபவர் ஏன் விரும்பப்படுகிறார்? கை வெட்டுப்பட்டாலும் புகார் சொல்ல மாட்டார் என்பதற்காக. இப்போது உங்களையே நினைத்துப் பாருங்கள், க. வேலை போனால் வேறு வேலை தேடக் கிடைப்பது அதிகபட்சம் அறுபது நாள். கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர் நிறுவனம் மாறினால் பெரும்பாலும் தொழிலாளர் துறைச் சான்றிதழிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். உங்களுக்கு மேலே இருப்பவர் இரவு பதினொரு மணிக்கு அழைத்தாலும் நீங்கள் எடுப்பீர்கள். உங்கள் துன்பமும் அவர் துன்பமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பாலைவனத்தில் இறந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. ஆனால் இருவரையும் வாய்மூட வைத்திருப்பது ஒரே கயிறு. அந்தக் கயிறு இருக்கும்வரை உங்கள் இருவரையும் காட்டித்தான் அமெரிக்கத் தொழிலாளியின் கூலியை இறக்குவார்கள். அவர் உங்கள் மீது கோபப்படுவார். நீங்கள் வேலி தாண்டியவர் மீது கோபப்படுவீர்கள்.

2025 செப்டம்பரில் புதிய எச்1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று டிரம்ப் அறிவித்தார். அமெரிக்க வேலையைக் காக்கவே என்றார். 1965இல் நடந்ததுதான் மறுபடி நடக்கும் என்று அஞ்சுகிறேன். ஆளைக் கொண்டுவருவது கடினமானால், சென்னையிலும் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் ஜிசிசி (உலகளாவிய திறன் மையம்) என்ற பெயரில் ஏற்கெனவே இயங்கும் தங்கள் சொந்த அலுவலகங்களில் இன்னும் நான்கு தளங்களை அந்த நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கும். ஹுவாரெஸின் இடத்தில் நம் ஓஎம்ஆர் சாலை.

அந்தச் சாலையில் சோழிங்கநல்லூரில் ஒரு தேநீர்க் கடையில் நள்ளிரவுக்கு மேல் சில முறை நின்றிருக்கிறேன். கழுத்தில் அட்டை தொங்க வந்த பையன் ஒருவனிடம் பேச்சுக்கொடுத்தேன். "அவரு ரொம்பப் பொறுமையா சொல்லிக்குடுத்தாரு சார். எதுக்கு எது எழுதினோம்னு எல்லாம் நோட்ஸ் போட்டுக் குடுத்தாரு. கடைசி நாள்தான் அவருக்கு வேலை போகுதுன்னே எங்களுக்குத் தெரியும்" என்றான். வந்தவாசிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவனுக்கு அந்த வேலை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கற்றுக்கொடுப்பவருக்கு என்ன நடக்கிறது என்பதை அவனிடம் மறைத்தார்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

வெளிநாட்டு வணிகத்தால் வேலையிழப்பவருக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் தரும் திட்டம் ஒன்றை அமெரிக்கா 1962இல் தொடங்கியது. நாடாளுமன்றம் புதுப்பிக்காததால் 2022 ஜூலை முதல் புதிய விண்ணப்பங்களை ஏற்பது நின்றுபோனது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் எல்லைச் சுவருக்கு ஒதுக்கிய தொகை 4,650 கோடி டாலர். வேலை போனவரின் கோபத்தைக் காட்டித்தான் அந்தச் சுவருக்கு வாக்குக் கேட்டார்கள். அவருக்கென்று இருந்த திட்டத்தையோ காலாவதியாக விட்டுவிட்டார்கள். ஆவணமற்றவர்களுக்கு வழி காட்டி, எல்லைக் காவலையும் பணியிடச் சரிபார்ப்பையும் சேர்த்து வலுப்படுத்தும் மசோதா 2013இல் செனட்டில் 68க்கு 32 என்று நிறைவேறியது. கீழவை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.

ஆகவே, வேலி தாண்டியவருக்காக இரங்குங்கள் என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. அவரை உங்கள் வரிசையில் குறுக்கே புகுந்தவராகப் பார்க்காதீர்கள் என்றே கேட்கிறேன். உங்கள் வரிசையின் நீளத்துக்கு அவர் காரணமல்ல.

உங்கள் நண்பரை அழையுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம், அந்த முடிவு உங்களுடையது அல்ல. விளக்கமும் சொல்ல வேண்டாம். வேறு வேலை கிடைத்ததா, வேலையோடு போன மருத்துவக் காப்பீட்டுக்கு என்ன செய்கிறார் என்று கேளுங்கள். கோபமாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் உங்கள் மகளைப் பற்றிக் கேட்டால், 21 வயது விதியைப் பற்றிச் சொல்லுங்கள். இருபது ஆண்டுகள் உங்களைப் போன்றவர்களோடு வேலை பார்த்தவர், இப்படி ஒரு விதி இருப்பதைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு.