முயலுக்கு எந்த ஊர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிறு வயதிலிருந்து பக்ஸ் பன்னி கார்ட்டூன்களைப் பார்த்து வருகிறேன். அந்த முயல் பேசுவது அமெரிக்க ஆங்கிலம்தான் என்றாலும், அமெரிக்கச் செய்தி வாசிப்பாளர்கள் பேசும் ஆங்கிலம்போல அது ஒலிக்கவில்லை. அது எந்த ஊர்ப் பேச்சு? காதால் கேட்டே கண்டுபிடிக்க வழி உண்டா? – திருச்சி வாசகர்.

பதில்: உங்கள் காது சரியாகவே பிடித்திருக்கிறது. அது நியூயார்க் நகரத்துப் பேச்சு; அந்த நகரத்துக்குள்ளும் புரூக்ளின், பிராங்க்ஸ் என்ற இரண்டு பகுதிகளின் பேச்சைக் கலந்து உருவாக்கப்பட்ட குரல். முயல் 1940-ல் இன்றைய வடிவத்தைப் பெற்றபோது அதற்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க், நாட்டிலேயே முரட்டுத்தனமாக ஒலிக்கும் பேச்சு எது என்று யோசித்து இவ்விரண்டையும் சேர்த்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

கண்டுபிடிக்கும் வழி என்று கேட்டால், முதலில் உயிரொலிக்குப் பின்வரும் 'ர்' ஒலி இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று கவனியுங்கள். பழைய நியூயார்க் பேச்சில் 'கார்' என்பது 'கா' என்று நீண்டு நின்றுவிடும். ஆனால் இது மட்டும் போதாது, ஏனென்றால் பாஸ்டனிலும் தென் மாநிலங்களின் பழைய பேச்சிலும் இங்கிலாந்தின் பெரும்பகுதியிலும் இதே 'ர்' விழுகிறது. ஆகவே அடுத்ததாக, பறவையைக் குறிக்கும் 'பேர்ட்' என்ற சொல் ஏறத்தாழ 'பொய்ட்' என்றும், முப்பத்து மூன்றாவதைக் குறிக்கும் 'தேர்ட்டி-தேர்ட்' என்பது 'தொய்ட்டி-தொய்ட்' என்றும் கேட்கிறதா என்று பாருங்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலும் இந்த ஒலி இருந்ததுண்டு. இருந்தாலும் கார்ட்டூனில் இது வந்தால் புரூக்ளின் என்று நம்பிக்கையோடு சொல்லலாம்.

இன்று நியூயார்க்குக்குப் போய் இந்தப் பேச்சைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வளர்ந்த தலைமுறைகள் 'பொய்ட்' ஒலியைக் கைவிட்டுவிட்டன. விழுந்த 'ர்' ஒலியும் படிப்படியாகத் திரும்பி வந்தது. மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962-ல் நியூயார்க்கின் மூன்று பெரிய கடைகளுக்குச் சென்று, நான்காம் மாடியில் இருப்பதாகத் தமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருள் எங்கே கிடைக்கும் என்று விற்பனையாளர்களிடம் கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று அவர்கள் சொல்லும்போது 'ர்' வருகிறதா என்று கவனிப்பதே அவருடைய நோக்கம். விலை உயர்ந்த சாக்ஸ் கடையில் 62 விழுக்காட்டினரும், நடுத்தரமான மேசிஸ் கடையில் 51 விழுக்காட்டினரும், மலிவு விலைக் கடையான கிளைனில் 21 விழுக்காட்டினரும் அந்த ஒலியை முழுமையாகவோ சில இடங்களிலோ உச்சரித்தார்கள். ஊரைக் காட்டும் ஒலியே ஒருவருடைய சமூக நிலையையும் காட்டுகிறது என்பதை இவ்வளவு எளிமையாக நிறுவிய ஆய்வு எனக்குத் தெரிந்து வேறில்லை. முயலின் குரலில் நீங்கள் கேட்கும் துடுக்குத்தனமும் இங்கிருந்துதான் வருகிறது: அது தெருவில் அடிபட்டு வளர்ந்த, யாருக்கும் பணியாத ஓர் உழைக்கும் வர்க்கத்து ஆளின் பேச்சு.

இதற்குமேல் ஒரு வியப்பும் உண்டு. மெல் பிளாங்க் நியூயார்க்காரர் அல்லர். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் வளர்ந்தவர். கேரட்டைக் கடித்துக்கொண்டே எதிரில் இருப்பவரை 'டாக்டர்' என்று விளித்து அந்த முயல் நலம் விசாரிக்கும் வழக்கமோ, முயல் இன்றைய வடிவம் பெற்ற அந்த 1940-ஆம் ஆண்டுப் படத்தை இயக்கிய டெக்ஸ் ஏவரி தாம் படித்த டெக்சாஸ் பள்ளியிலிருந்து கொண்டுவந்தது. குரல் மேற்குக் கரையிலிருந்தும், சொற்றொடர் தெற்கிலிருந்தும், உச்சரிப்பு கிழக்குக் கரையிலிருந்தும் வந்திருக்கின்றன. கார்ட்டூன் பாத்திரத்தின் ஊரைத் தேடும்போது யாருடைய வாயைக் கேட்டு அந்தக் குரல் செய்யப்பட்டது என்ற கேள்வியையும் கூடவே கேட்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: ஃபாக்ஹார்ன் லெக்ஹார்ன் என்ற சேவல், ஹக்கிள்பெரி ஹவுண்ட் என்ற நீல நாய் ஆகிய இரண்டுமே அமெரிக்கத் தென் மாநிலப் பேச்சு பேசுவதாகச் சொல்கிறார்கள். எனக்கோ இரண்டும் ஒன்றாகக் கேட்கவில்லையே? – மதுரை வாசகி.

பதில்: ஒன்றாகக் கேட்காததில் தவறில்லை. நம் இலக்கணத்தில் 'ஐ' தனி உயிரெழுத்து அல்லவா? ஆங்கிலத்தில் அந்த ஒலி வரும் இடத்தைத் தென் மாநிலத்தவர் 'ஆ' என்று நீட்டிவிடுவார்கள். 'டைம்' என்பது 'டாம்' என்பதற்கு அருகில் வந்து நிற்கும். இதுவே தென் மாநிலப் பேச்சின் பொதுவான அடையாளம். அதற்குள் பல கிளைகள் உண்டு.

சேவல் பேசுவது சட்டமன்றத்திலும் மேடையிலும் முழங்கும் பழைய தென் மாநிலக் கனவான்களின் பேச்சைப் பெரிதுபடுத்தியது. அதில் 'ர்' விழும், சொன்னதையே திரும்பச் சொல்லும் வழக்கமும் இருக்கும். 1945-ல் ஃபிரெட் ஆலனின் வானொலி நிகழ்ச்சியில் கென்னி டெல்மார் என்ற நடிகர் கிளாக்ஹார்ன் என்ற தென் மாநிலச் செனட்டராகப் பேசி நாடெங்கும் புகழ்பெற்றிருந்தார். அடுத்த ஆண்டு திரைக்கு வந்த சேவலின் பேச்சில் அந்தச் செனட்டரின் சாயல் மிகத் தெளிவாகத் தெரிகிறது. டெல்மார் பிறந்ததோ பாஸ்டனில். தம்மை ஒருமுறை காரில் ஏற்றிச்சென்ற டெக்சாஸ் பண்ணைக்காரர் ஒருவரின் பேச்சைத்தான் அவர் நினைவில் வைத்திருந்தார்.

நீல நாய்க்குக் குரல் கொடுத்தவர் டாஸ் பட்லர். ஒஹையோவில் பிறந்த அவர், தம் மனைவியின் ஊர்ப்பக்கமான வட கரோலினாவில் கேட்ட பேச்சை அதற்குப் பயன்படுத்தினார். மேடை முழக்கம் எதுவும் இல்லாமல், அவசரமே இல்லாத ஒரு கிராமத்து மனிதர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல அது ஒலிக்கிறது. இன்னொரு கிளையையும் கேட்க விரும்பினால், 1997-ல் தொடங்கிய 'கிங் ஆஃப் தி ஹில்' தொடரின் ஹாங்க் ஹில்லைக் கேளுங்கள். அவருடைய டெக்சாஸ் பேச்சில் 'ர்' விழாது, அழுத்தமாகவே நிற்கும். தெற்கு என்று சொன்னாலும் 'ர்' நிற்கும் தெற்கும் விழும் தெற்கும் வேறுவேறு என்பது இந்த மூன்று பாத்திரங்களை அடுத்தடுத்துக் கேட்டாலே விளங்கிவிடும்.

கேள்வி: யோகி கரடியின் பேச்சு எந்த வட்டாரம் என்று எவ்வளவு முயன்றும் பிடிபடவில்லை. – கோயம்புத்தூர் வாசகர்.

பதில்: வட்டாரத்தை விட்டுவிட்டு ஆளைத் தேடுங்கள், கிடைத்துவிடும். 1950-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் புரூக்ளினைக் களமாகக் கொண்ட ஒரு நகைச்சுவைத் தொடரில், சாக்கடைப் பணியாளர் எட் நார்ட்டனாக ஆர்ட் கார்னி என்ற நடிகர் வந்தார். அவர் இழுத்துப் பேசும் விதத்தைத்தான் 1958-ல் பிறந்த யோகியிடம் கேட்கிறோம். யோகியை உருவாக்கிய அதே நிறுவனத்தின் இளஞ்சிவப்பு மலைச்சிங்கமான ஸ்னாக்கிள்பஸ், நடிகர் பெர்ட் லாரைப்போலப் பேசும். 'ஃபேமிலி கை' தொடரில் குடும்பம் முழுவதும் ரோட் ஐலண்டில் வாழ, கைக்குழந்தை ஸ்டூவி மட்டும் மேட்டுக்குடி இங்கிலாந்து ஆங்கிலம் பேசுவதற்கு, அதன் படைப்பாளி ரெக்ஸ் ஹாரிசன் என்ற நடிகரின் பேச்சைப் பின்பற்றியதே காரணம்.

குரல் ஓர் ஆளுக்குச் சொந்தமானது என்ற எண்ணம் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. துப்புரவுத் திரவம் ஒன்றின் தொலைக்காட்சி விளம்பரத்தில் வந்த கார்ட்டூன் வாத்து தம் குரலில் பேசுகிறது என்று பெர்ட் லார் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்த அந்த வழக்கில் விசாரிக்க வேண்டிய பொருள் இருக்கிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1962-ல் தீர்ப்பளித்தது.

கேள்வி: 'வாலஸ் அண்ட் குரோமிட்' படங்களில் வரும் வாலஸ் பேசுவது யார்க்ஷயரா, லங்காஷயரா? நண்பர்களிடையே இதில் பெரிய விவாதம். – யாழ்ப்பாண வாசகர்.

பதில்: உங்கள் நண்பர்களில் இரு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது என்பதால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வாலஸின் வீட்டு முகவரி விகன் நகரத்தில் இருக்கிறது; அது பழைய லங்காஷயரைச் சேர்ந்தது. பாத்திரத்தைப் படைத்த நிக் பார்க் லங்காஷயரின் பிரெஸ்டனில் பிறந்தவர். ஆனால் குரல் கொடுத்த பீட்டர் சாலிஸ் லண்டனை அடுத்த ட்விக்கனத்தில் பிறந்தவர். 1973-லிருந்து 2010 வரை ஓடிய, யார்க்ஷயரின் ஹோம்ஃபர்த் பகுதியில் படமாக்கப்பட்ட ஒரு நகைச்சுவைத் தொடரில் தொடர்ந்து நடித்துவந்த அவருக்கு, கைவந்த வடக்குப் பேச்சு யார்க்ஷயர்ப் பேச்சுதான். எனவே வாலஸ் லங்காஷயரில் குடியிருந்துகொண்டு யார்க்ஷயர்ச் சாயலில் பேசுகிறார் என்பதே என் முடிவு.

வட இங்கிலாந்தா, தென் இங்கிலாந்தா என்று பிரிப்பது இதைவிட எளிது. கோப்பையைக் குறிக்கும் 'கப்' என்ற சொல்லைத் தமிழில் நாம் எழுதுவதுபோல அகரத்தோடு சொன்னால் தெற்கு. ஏறத்தாழ 'குப்' என்று உகரச் சாயலோடு சொன்னால் வடக்கு. குளியலைக் குறிக்கும் 'பாத்' என்ற சொல்லில் உயிர் நீண்டால் தெற்கு, குறுகினால் வடக்கு. யார்க்ஷயரையும் லங்காஷயரையும் பிரிக்க இப்படிப்பட்ட கூர்மையான அடையாளங்கள் குறைவு. லங்காஷயரின் பிளாக்பர்ன் போன்ற ஊர்களில் முதியவர்கள் 'ர்' ஒலியை இன்னும் விடாமல் வைத்திருப்பது ஒன்று. வாலஸிடம் அது இல்லை.

மாணவராக இருந்த நிக் பார்க் கேட்டுக்கொண்டபோது, ஓர் அறக்கொடைக்கு 50 பவுண்டு கொடுத்தால் போதும் என்று சாலிஸ் சம்மதித்தார். படம் 1989-ல்தான் முடிந்தது. பாலாடைக்கட்டியைக் குறிக்கும் 'சீஸ்' என்ற சொல்லை அவர் வாயை அகல விரித்து இழுத்துச் சொன்னதைக் கேட்டபிறகே, களிமண் முகத்துக்கு அந்த அகன்ற வாயைக் கொடுக்கவேண்டும் என்று நிக் பார்க்குக்குத் தோன்றியது. உச்சரிப்பு ஒரு முகத்தையே செதுக்கியதற்கு இதைவிட அழகான சான்று வேண்டுமா?

கேள்வி: ஷ்ரெக் ஏன் ஸ்காட்லாந்துக்காரர்போலப் பேசுகிறது? கதை ஸ்காட்லாந்தில் நடப்பதாகத் தெரியவில்லையே. – சென்னை வாசகர்.

பதில்: கதைக்களம் காரணமல்ல. கனடாவைச் சேர்ந்த மைக் மையர்ஸ் முதலில் தம் இயல்பான பேச்சிலேயே பெரும்பகுதியைப் பதிவுசெய்துவிட்டு, பிறகு மனம் ஒப்பாமல் ஸ்காட்லாந்துப் பேச்சில் மீண்டும் பேசினார். எதிரியான ஃபார்க்வாட் பிரபு மேட்டுக்குடி ஆங்கிலம் பேசும்போது, சதுப்பு நிலத்துப் பூதம் உழைக்கும் மக்களின் ஆங்கிலம் பேசவேண்டும் என்பது அவருடைய எண்ணம். 2001-ல் வந்த அந்தப் படத்தில் அது மிகச் சரியாகப் பொருந்தியது.

கேள்வி: டிஸ்னி படங்களில் கெட்டவர்கள் ஏன் பிரிட்டிஷ் ஆங்கிலம் பேசுகிறார்கள்? – சேலம் ஆசிரியை.

பதில்: 1994-ல் வந்த 'தி லயன் கிங்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் முஃபாசாவும் மகன் சிம்பாவும் அமெரிக்க ஆங்கிலம் பேச, அதே குகையில் வளர்ந்த தம்பி ஸ்கார் மட்டும் ஜெரமி அயன்ஸின் இங்கிலாந்து உச்சரிப்பில் பேசுகிறான். 'அலாவுதீன்' படத்தின் ஜாஃபருக்குக் குரல் கொடுத்த ஜோனதன் ஃப்ரீமன் ஒஹையோவில் பிறந்த அமெரிக்கராக இருந்தும், இங்கிலாந்துச் சாயலைத்தான் தேர்ந்தெடுத்தார். அமெரிக்கக் காதுக்கு அந்த உச்சரிப்பு அறிவையும் ஆணவத்தையும் ஒருசேரத் தருகிறது என்பதே காரணம்.

இதைப் பொழுதுபோக்குச் செய்தியாக மட்டும் நான் பார்க்கவில்லை. மொழியியலாளர் ரோசினா லிப்பி-கிரீன் 24 டிஸ்னி படங்களில் வரும் 371 பாத்திரங்களை ஆராய்ந்து, 1997-ல் முடிவுகளை வெளியிட்டார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்போலப் பேசும் பாத்திரங்களைவிட, அயல்மொழிச் சாயலோடு பேசும் பாத்திரங்களே கெட்டவர்களாக வரும் விகிதம் அதிகம் என்று அவர் கண்டறிந்தார். அலாவுதீன் அமெரிக்க இளைஞனைப்போலப் பேச, அவனைத் துரத்தும் கடைக்காரர்களும் காவலர்களும் அரபுச் சாயலில் பேசுவதை உங்கள் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். எந்தப் பேச்சுக்கு எந்தக் குணம் ஒட்டப்படுகிறது என்று அவர்களே கவனிப்பார்கள்.

கேள்வி: 'தி சிம்சன்ஸ்' தொடரின் கடைக்காரர் அப்பு பேசுவது நம் நாட்டின் எந்த மாநில ஆங்கிலம்? – தஞ்சாவூர் வாசகர்.

பதில்: எந்த மாநிலத்து ஆங்கிலமும் அன்று. 1990 முதல் அவருக்குக் குரல் கொடுத்த ஹாங்க் அசேரியா நியூயார்க்கில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸ் கடைகளில் கேட்ட இந்தியப் பணியாளர்களின் பேச்சையும், 1968-ல் பீட்டர் செல்லர்ஸ் இந்தியராக வேடமிட்டு நடித்த ஒரு படத்தையும் மூலங்களாகக் குறிப்பிட்டிருக்கிறார். அப்பு வங்காளத்துக்காரர் என்று தொடரே சொன்னாலும், ஆங்கில 'இசட்' (z) ஒலி 'ஜ' ஆவதுபோன்ற வங்காளிகளின் ஆங்கிலத்துக்குரிய அடையாளங்களை நான் அந்தக் குரலில் கேட்டதில்லை. 'ட', 'ட்ட' ஒலிகளை நாக்கை மடித்துச் சொல்லும் நம் எல்லோருக்கும் பொதுவான பழக்கத்தையும், ஏறி இறங்கும் ஒரு இராகத்தையும் மட்டும் எடுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அந்தக் குரலைச் சொல்லிக் கேலி செய்யப்பட்டே வளர்ந்த இந்திய வம்சாவளி அமெரிக்கர்களின் வலியை, 2017-ல் நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு ஓர் ஆவணப்படமாக எடுத்தார். இனி அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுப்பதில்லை என்று அசேரியா 2020-ல் அறிவித்தார். அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: என் நான்கு வயது மகள் ஆங்கிலத்தில் பெப்பா பிக் பார்க்கிறாள். அவளுக்குப் பிரிட்டிஷ் உச்சரிப்பு ஒட்டிக்கொள்ளுமா? – திருநெல்வேலி வாசகி.

பதில்: அந்தத் தொடரில் வருவது பெரும்பாலும் தென்கிழக்கு இங்கிலாந்தின் நடுத்தர வர்க்க ஆங்கிலம். அமெரிக்காவில் சில பெற்றோர்கள், தங்கள் பிள்ளைகள் அம்மாவை 'மம்மி' என்று பிரிட்டிஷ் பாணியில் அழைப்பதாகவும் தக்காளியை 'டொமாட்டோ' என்று நீட்டுவதாகவும் 2019 வாக்கில் வியந்து எழுதினார்கள். தனிச்சொற்கள் அப்படி ஒட்டுவது உண்மைதான். ஆனால் ஒரு குழந்தையின் உச்சரிப்பு முழுவதையும் வடிவமைப்பவர்கள் அதனோடு நேருக்குநேர் பேசுகிறவர்கள்தாம், அதிலும் குறிப்பாக உடன் விளையாடும் குழந்தைகள். பதில் பேசாத திரையால் அதைச் செய்யமுடிவதில்லை. உங்கள் மகள் சில மாதங்களுக்குப் பன்றிக்குட்டியைப்போல இரண்டொரு சொற்களைச் சொல்லக்கூடும். பள்ளிக்குப் போய்த் தோழிகள் சேர்ந்ததும் அவர்களைப்போலப் பேசத் தொடங்கிவிடுவாள்.