சொந்தக்காரர்கள் வராத ஆஸ்பத்திரி

கேள்வி: என் நான்கு வயது மகனுக்கு ஹீமோபிலியா 'ஏ' (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்), கடுமையான வகை என்று சொல்லிவிட்டார்கள். எந்த டாக்டரிடம் காட்டுவது? தூரமானாலும் பரவாயில்லை, எங்கள் சொந்தக்காரர்கள் வராத ஆஸ்பத்திரியாகச் சொல்லுங்கள். தையில் தங்கைக்குக் கல்யாணம். என் தாய்மாமா ஒருவர் சிறுவயதில் பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் இறந்தாராம். அம்மா இப்போதுதான் சொன்னார். தங்கைக்குத் தெரிய வேண்டாம் என்கிறார்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: டாக்டரைத் தேடுகிறீர்களா, ஒளிய இடம் தேடுகிறீர்களா?

பார்க்க வேண்டியது ஹெமட்டாலஜிஸ்ட்டை, அதாவது ரத்தநோய் நிபுணரை. அவர்களிலும் ரத்தப் புற்றுநோயை மட்டுமே அதிகம் பார்ப்பவர்கள் உண்டு. ஹீமோபிலியா குழந்தைகளைத் தொடர்ந்து பார்ப்பவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேலூர் சி.எம்.சி.யின் ரத்தவியல் துறை இதில் பேர்பெற்றது. அவ்வப்போது அங்கே போய்க் காட்டலாம், சரி. ராத்திரி 11 மணிக்கு மூட்டுக்குள் ரத்தம் கசிந்து பையனின் முழங்கால் வீங்கினால்? எட்டாம் ஃபேக்டர் (அவன் ரத்தத்தில் குறைவாக உள்ள, ரத்தத்தை உறைய வைக்கும் புரதம்) ஊசியை ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போடுவதுதான் நல்லது. வேலூருக்கு ராத்திரி முழுக்க பஸ். அன்றைக்கு உங்களுக்கு உதவப்போவது உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிதான், அதே சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்கிற இடம். அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசம். இந்த வாரமே போய்ப் பையன் பெயரைப் பதியுங்கள். இரவிலும் இருப்பு உண்டா, ரத்தக்கசிவு வருமுன்பே தடுக்கப் போடும் ஊசி கிடைக்குமா என்று கேளுங்கள். ஆஸ்பிரின் கூடாது, சதையில் ஊசி கூடாது என்பது பள்ளி மிஸ் முதல் அத்தை வரை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி தங்கை. மாமாவுக்கும் பேரனுக்கும் நடுவே இதைச் சுமந்து வந்தவர் அநேகமாக உங்கள் அம்மா. அப்படியானால் தங்கையும் கேரியராக, அதாவது பிள்ளைகளுக்கு இதைக் கடத்தக்கூடியவளாக, இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஃபேக்டர் அளவு சரியாக இருந்தும் கேரியராக இருக்கலாம். அதனால் உங்கள் மகனின் மரபணுவில் உள்ள பிழையை முதலில் கண்டுபிடித்து, அது தங்கையிடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மகன் ரத்தம் இல்லாமல் அவளுக்கு விடை கிடைப்பது கஷ்டம். நீங்களோ அவனையே மறைக்கிறீர்கள்! விஷயம் தெரியாத டாக்டர் அவள் பிரசவத்தில் வாக்குவம் (தலையில் வைத்து உறிஞ்சி இழுக்கும் கருவி) வைத்துக் குழந்தையை இழுத்தால் மண்டைக்குள் ரத்தம் கசியலாம். அவளுக்கே ரத்தப்போக்கு நிற்காமல் போகலாம்.

கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்த உங்கள் அம்மா அதை உங்களிடம் சொல்லாமல் விட்டார். சொல்லியிருந்தால் மகன் பிறந்த அன்றே பார்த்திருப்பார்கள். அதே காரியத்தைத் தங்கைக்கு நீங்கள் செய்கிறீர்கள். அக்கா என்ற முறை எதற்கு, தாலி கட்டும்போது பின்னால் நிற்பதற்கு மட்டுமா?

கல்யாணம் நின்றுவிடும் என்பீர்கள். நிற்கலாம். சொல்லி நின்றதையும் பார்த்திருக்கிறேன், மறைத்து நடந்ததையும் பார்த்திருக்கிறேன். மறைத்த இடத்தில்தான் பெண் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். மாப்பிள்ளை வீட்டில் எப்போது, எப்படிச் சொல்வது என்பதைத் தங்கை முடிவு செய்யட்டும். அவளிடம் நீங்கள் நாளைக்கே பேசுங்கள்.

அப்புறம், கல்யாணத்தன்று உங்கள் பையன் மண்டபத்தில் ஓடுவான், விழுவான். மண்டபம் எந்த ஊரில் என்று நீங்கள் எழுதவில்லை. பக்கத்தில் ஃபேக்டர் எங்கே கிடைக்கும் என்று பத்திரிகை அடிக்கும் முன்பே விசாரித்து வையுங்கள்.