4 செ.மீ. நீர்க்கட்டிக்கு அறுவை சிகிச்சை தேவையா?

கேள்வி: எனக்கு 27 வயது. அடிவயிற்று வலிக்காக ஸ்கேன் எடுத்ததில், வலது சினைப்பையில் 4 செ.மீ. அளவுக்குத் தெளிந்த நீர் நிரம்பிய கட்டி இருப்பது தெரியவந்தது. மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார் மருத்துவர். உடனே எடுத்துவிட வேண்டும், இல்லையேல் குழந்தை தங்காது என்கிறார் மாமியார். என் அக்காவுக்குப் பிசிஓடி இருக்கிறது. இதுவும் அதுதானா?

பதில்: உங்கள் மருத்துவர் அலட்சியமாகச் சொல்லவில்லை, உங்கள் வயதில் இத்தகைய கட்டிக்குக் காத்திருப்பதே முறை. மாதந்தோறும் கருமுட்டையைத் தாங்கிய நீர்ப்பை ஏறத்தாழ 2 செ.மீ. வரை வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியேற்றும். சில மாதங்களில் அது வெடிக்காமல் நீர் கோத்துக்கொண்டே போகும். அல்லது முட்டை வெளியேறிய இடத்தில் உண்டாகும் மஞ்சள் திசு, சுருங்குவதற்குப் பதில் நீரோ இரத்தமோ சேர்ந்து வீங்கிவிடும். இளம் பெண்களுக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றுதான். இவை பொதுவாக இரண்டு மூன்று மாதவிலக்குகளுக்குள் தாமே வற்றிவிடும். கருத்தடை மாத்திரை கொடுத்தாலும் அதைவிட விரைவாகக் கரைவதில்லை. கருத்தரிப்புக்கும் இவை பொதுவாகத் தடையாவதில்லை.

தாமே கரையாதவை வேறு. முட்டையாக வேண்டிய அணுக்கள் தடம்மாறி வளர்வதால் உருவாகும் டெர்மாய்டு கட்டிக்குள் கொழுப்பும் முடியும், சில வேளைகளில் பல்லும்கூட இருக்கும். இதைச் செய்வினை என்று நம்பிப் பரிகாரம் தேடுவது வீண். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு சினைப்பையில் படிந்து, அதிலிருந்து கசியும் இரத்தம் தேங்கிப் பழுப்பாகக் கெட்டிப்படுவது சாக்லேட் கட்டி. மாமியாரின் அச்சம் இதற்கு ஓரளவு பொருந்தும். ஆனால் இதையும் அவசரப்பட்டு அறுத்தால் நல்ல முட்டைகளும் சேர்ந்து குறையக்கூடும். சினைப்பையின் மேலுறையிலிருந்து கிளம்பும் சிஸ்டடினோமா, வயிற்றையே அடைக்குமளவு பெரிதாக வளரலாம்.

அக்காவுக்கு இருப்பது ஹார்மோன் சமச்சீரின்மை. அதில் தெரிபவை 1 செ.மீ.கூட இல்லாத, முதிராமல் நின்ற முட்டைப்பைகள். உங்கள் கட்டி அந்த வகையன்று.

இடையில் ஒருபக்கமாகத் திடீரெனக் கடும் வலியும் வாந்தியும் வந்தால், கட்டியின் கனத்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். விடியட்டும் என்று பாராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் கட்டி தென்பட்டால், புற்றுநோய்க்கான பரிசோதனையும் அவசியம். எனவே உங்களுக்குச் சொன்ன காத்திருப்பை அவர்கள் பரிசோதிக்காமல் தாமாகப் பின்பற்றக் கூடாது.

அடுத்த ஸ்கேனை மாதவிலக்கு முடிந்த சில நாட்களுக்குள், பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுபோய் எடுங்கள். பிந்தினால் அந்த மாதத்து நீர்ப்பையும் வளர்ந்து நின்று குழப்பும்.