முதற்பதிப்பா, முதல் அச்சா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1990களில் வெளிவந்த ஓர் அமெரிக்க நாவல், பழைய புத்தகக் கடையில் கெட்டி அட்டையுடன் கிடைத்தது. வெளியீடு ரேண்டம் ஹவுஸ். உரிமைப் பக்கத்தில் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்று இருக்கிறது. ஆனால் அதனருகே அச்சைக் குறிக்க வரிசையாக இட்டிருக்கும் எண்களில், அதாவது எண்வரிசையில், 1 இல்லை. மிகச் சிறிய எண் 2. இது இரண்டாம் அச்சுதான் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். எதை நம்புவது?

பதில்: உங்களிடம் இருப்பது முதல் அச்சுதான். மறு அச்சுதோறும் வரிசையின் மிகச் சிறிய எண்ணை நீக்கிவிடுவார்கள்; ஆகவே எஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்ணே எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும் என்ற பொதுவிதியை வைத்துத்தான் நண்பர் சொல்லியிருப்பார். பெரும்பாலான பதிப்பகங்களுக்கு அது பொருந்தும். 1997இல் ப்ளூம்ஸ்பரி வெறும் 500 பிரதிகள் மட்டும் கெட்டி அட்டையில் அச்சிட்ட முதல் ஹாரி பாட்டர் நாவலில், வரிசை 10இலிருந்து 1 வரை முழுமையாக இருக்கும். ரேண்டம் ஹவுஸ் மட்டும் நெடுங்காலம் தனி வழியில் போனது. முதல் அச்சில் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்ற சொற்களோடு 2இல் தொடங்கும் வரிசையை இட்டு, இரண்டாம் அச்சின்போது அந்தச் சொற்களை மட்டும் நீக்கிவிடுவார்கள். ஆகவே சொற்களும் 2உம் சேர்ந்திருந்தால் முதல் அச்சு. 2 மட்டும் தனித்து நின்றால் இரண்டாம் அச்சு.

நம் ஊரில் மாற்றமே இல்லாத மறு அச்சுக்குக்கூட ‘இரண்டாம் பதிப்பு’ என்று போடும் வழக்கம் பரவலாக இருப்பதால், பதிப்புக்கும் அச்சுக்குமான வேறுபாடு நமக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. ஒரே எழுத்துக்கோப்பிலிருந்து எத்தனை முறை அச்சிட்டாலும் அது ஒரே பதிப்புதான். சேகரிப்பாளர்கள் தேடுவதோ அந்தப் பதிப்பின் முதல் அச்சை.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒருவர், 1951ஆம் ஆண்டின் ‘தி கேட்சர் இன் த ரை’ நாவலைக் கொண்டுவந்து தந்தார். அட்டைமேல் சுற்றியிருக்கும் காகித மேலுறையில் எங்கும் விலை இல்லை. இதற்கு மதிப்பு உண்டா?

பதில்: ஆசையைச் சற்றே அடக்கிக்கொள்ளுங்கள். அந்த நாவலை ‘புக் ஆஃப் த மந்த் கிளப்’ என்ற புத்தகச் சங்கம் அதே ஆண்டில் தன் உறுப்பினர்களுக்கு அளித்தது. பார்வைக்குச் சங்கப் பிரதியும் பதிப்பகத்தின் முதல் அச்சும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். லிட்டில், பிரவுன் வெளியிட்ட முதல் அச்சின் உரிமைப் பக்கத்தில் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்று இருக்கும். மேலுறை மடிப்பில் மூன்று டாலர் விலையும், பின்புறத்தில் ஆசிரியரின் புகைப்படமும் இருக்கும். சங்கப் பிரதியின் மடிப்பில் விலைக்குப் பதிலாகச் சங்கத்தின் பெயரைக் காணலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பரிசாகத் தரும்போது விலையிருந்த மூலையைக் கத்தரித்துவிடும் வழக்கம் அங்கே உண்டு. ஆகவே விலை இல்லை என்றதும் முடிவுக்கு வந்துவிடாமல், மூலை வெட்டுப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: புத்தகத்தைவிட மேலுறைக்கு விலை அதிகம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இருபதாம் நூற்றாண்டு நாவல்களைப் பொறுத்தவரை பல சமயம் உண்மைதான். வாங்கிய கையோடு கிழித்தெறியப்பட்ட காகிதம் அது. 1925இல் ஸ்கிரிப்னர் வெளியிட்ட ‘தி கிரேட் கேட்ஸ்பி’யை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் அச்சில், ‘சிக் அண்ட் டயர்ட்’ என்று வர வேண்டிய இடத்தில், 205ஆம் பக்கத்தில், ‘சிக் இன் டயர்ட்’ என்று பிழையாக இருக்கும். மேலுறையின் பின்புறக் குறிப்பிலோ நாயகனின் பெயர் சிற்றெழுத்தில் தொடங்கிவிட, பிரதிகளில் அதைக் கையாலேயே மையிட்டுத் திருத்தினார்கள். அந்த மைக்கோட்டுடன் மேலுறை வாய்த்த பிரதிக்கும் வெறும் அட்டையோடு நிற்கும் பிரதிக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. இதனாலேயே நகல் மேலுறைகளும் சந்தையில் உலவுகின்றன. நூறாண்டு பழைய புத்தகத்தின்மேல் மடிப்புகூடத் தேயாத காகிதம் பளபளத்தால், பணத்தை எடுக்கும் முன் விற்பவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்.