வாசகர் கேள்வி: பழைய தோரன்ஸ் தாக்குப்பிடிக்குமா?

கேள்வி: என்னிடம் 1970களின் தோரன்ஸ் டிடி 160 டர்ன்டேபிள் (இசைத்தட்டுச் சுழலி) இருக்கிறது. சிங்கப்பூர் அடெல்ஃபி கட்டட ஒலிக்கருவிக் கடைகளில் உள்ள புதிய விலையுயர்ந்த டர்ன்டேபிள்களுக்கு அது ஈடாகுமா? – தோ பாயோ வாசகர்

பதில்: சரியாகச் செப்பனிட்டால் குரலுக்கும் வீணைக்கும் ஈடுகொடுக்கும். ஆழ்ந்த பாஸின் இறுக்கத்திலும் வேக நிலைப்பிலும் நல்ல புதியவை முந்தும். அதை மறுப்பது பழம்பாசம்தான்.

முதலில், தட்டையும் ஊசிக்கையையும் தாங்கும் தளத்தை மிதக்கவைக்கும் ஸ்பிரிங்குகள். சுழலும் தட்டை நடுத்தண்டுக்கு அருகே மெதுவாக அமுக்கிவிடுங்கள். நேராக மேலும் கீழும் ஆட வேண்டும். பக்கவாட்டில் தள்ளாடினால், பெட்டியை மட்டம் பார்த்து நிறுத்தி, கீழ்ப்பலகையைக் கழற்றி, மூன்று ஸ்பிரிங் நட்டுகளையும் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள். அப்படியும் அடங்கவில்லையா? டோன்ஆர்மிலிருந்து (ஊசியைத் தாங்கும் கை) வரும் ஒயரைப் பாருங்கள். யாரோ தடித்த கேபிள் மாற்றியிருப்பார்கள். அது விறைத்துக்கொண்டு மிதக்கும் தளத்தையே ஒருபக்கம் இழுக்கும். மெல்லிய, வளையும் ஒயர்தான் அங்கே சரி.

நம் ஊர்ப் புழுக்கத்தில் ரப்பர் பெல்ட் சீக்கிரம் பிசுபிசுக்கும். தொய்ந்திருந்தால் புதியது போடுங்கள். பெல்ட்டை ஓட்டும் மோட்டார் சக்கரமான புல்லியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் ஓர் எச்சரிக்கை. வோல்டேஜை மட்டும் மாற்றினால் போதாது; மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸ் புல்லி இங்குள்ள 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 33⅓க்குப் பதில் ஏறக்குறைய 27.8 சுற்றுதான் சுற்றும். பாட்டு மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். புல்லியை மாற்றியே ஆக வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கான்கிரீட் தரை உங்களுக்குச் சாதகம். மரத்தரையில்தான் நடக்கும்போது ஊசி குதிக்கும். மிச்சப் பணத்தை நல்ல கார்ட்ரிட்ஜில் (ஊசி பொருந்திய முனைப்பகுதி) போடுங்கள்.